வடிதாள் பொய் சொல்லுமா?

"அல்லிநகரத்தின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் சல்பேட்டுத் துகள்கள் உள்ளன" என்று ஓர் அறிக்கை உங்கள் கையில் தரப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றோ ஏறத்தாழ 1.2 கிலோகிராம் நிறையுள்ளது. ஆகவே, அறிக்கை எழுதியவர் காற்றின் நிறையில் சுமார் 24 கோடியில் ஒரு பங்கைத் தேடிப் பிடித்து நிறுத்திருக்கிறார்!

இத்துணைச் சிறிய அளவை எப்படி அளந்தார்கள்? அந்த 5 என்னும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சல்பேட்டு எங்கிருந்து வருகிறது?

நிலக்கரி, டீசல், உலை எண்ணெய் ஆகியவற்றில் சிறிதளவு கந்தகம் கலந்திருக்கிறது. அவை எரியும்போது கந்தகமும் எரிந்து கந்தக டை ஆக்சைடு வாயு உண்டாகிறது. இவ்வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனேற்றப் பொருள்களாலும் ஈரத்தாலும் மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாறுகிறது. மாட்டுச் சாணத்திலிருந்தும் உரமிட்ட வயல்களிலிருந்தும் வெளிவரும் அம்மோனியா இவ்வமிலத்துடன் சேர்ந்து அம்மோனியம் சல்பேட்டு ஆகிறது. உரக்கடையில் மூட்டையாக விற்கும் அதே உப்புதான். இங்கே கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதக்கிறது.

இத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டம் உள்ளவை. தலைமுடியின் தடிமனோ 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். இவ்வளவு சிறியவை எளிதில் தரையில் படிவதில்லை. பல நாள்கள் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. மூச்சுடன் நுரையீரலின் ஆழம் வரை செல்கின்றன. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரை ஐந்து நாள்கள் மூடிய நச்சுப் பனிப்புகையில் நிலக்கரிப் புகையும் கந்தக அமிலத் துளிகளும் கலந்திருந்தன. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

நம் நாட்டுக் காற்றிலும் சல்பேட்டு உண்டு. 1999-ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரை 'இந்தியப் பெருங்கடல் சோதனை' என்னும் பெரிய ஆராய்ச்சி நடைபெற்றது. அதன் தலைவர்களுள் ஒருவர் வீரபத்திரன் இராமநாதன். தெற்காசியாவிலிருந்து பருவக் காற்றோடு கடலுக்கு மேல் பரவும் மாசுத் துகள்களைக் கப்பலிலிருந்தும், விமானத்திலிருந்தும், மாலத்தீவைச் சேர்ந்த காஷிதூ என்னும் தீவிலிருந்தும் அளந்தார்கள். அங்கே நுண்துகள்களின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சல்பேட்டு எனக் கண்டனர்.

அல்லிநகரத்துக்கு அருகில் பெரிய அனல்மின் நிலையம் எதுவும் இல்லை. கம்பம், குமுளி நோக்கிச் செல்லும் லாரிகளும் பேருந்துகளும் விடும் புகை, செங்கல் சூளைகளின் புகை, தொலைவிலிருந்து காற்றில் மிதந்து வருவது ஆகியவையே இங்கு சல்பேட்டுக்கு மூலங்கள். எனவே பெருநகரங்களைவிட இங்கு அளவு குறைவாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். குறைவான பொருளை அளப்பதுதான் கடினம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துகளைப் பிடிப்பது எப்படி?

காற்றை ஒரு வடிதாள் வழியே உறிஞ்சி இழுத்தால் துகள்கள் தாளில் தங்கிவிடும். காப்பித் தூளை வடிகட்டுவது போன்றதே இது. இதற்கான கருவியைப் 'பெருங்கொள்ளளவு காற்று மாதிரிக் கருவி' எனலாம். ஆய்வுக்கூடங்களில் 'ஹை வால்யூம் சாம்ப்ளர்' என்றே அழைப்பார்கள். கூரையிட்ட ஒரு பெட்டி, அதனுள் ஒரு மின்விசை உறிஞ்சி, அதற்கு மேலே ஏறத்தாழ 20 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உள்ள கண்ணாடி இழை வடிதாள், கருவி இவ்வளவே.

இது நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கும். 24 மணி நேரத்தில்:

1.1 × 60 × 24 = 1,584 கன மீட்டர்

நூறு பேருக்கு மேற்பட்டோர் ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்று இது. கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் சல்பேட்டு இருந்தால் தாளில் 5 × 1,584 = 7,920 மைக்ரோகிராம், அதாவது சுமார் 7.9 மில்லிகிராம் சல்பேட்டு சேரும். இனி இதை ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம்.

தாளில் படிந்த மொத்தத் தூசியின் நிறையை அறிய, தாளை முன்னும் பின்னும் நிறுத்துக் கழிக்க வேண்டும். சந்தைக்கு வரும் லாரியை எடைமேடையில் காலியாக ஒரு முறையும் சரக்கோடு ஒரு முறையும் நிறுப்பது போன்றதே. அத்தூசியில் சல்பேட்டு எவ்வளவு என்பதை அறிய வேதியியலின் துணை வேண்டும். தாளை நீரில் ஊறவைத்துச் சல்பேட்டைக் கரைத்தெடுத்து, பேரியம் குளோரைடு சேர்த்தால் பேரியம் சல்பேட்டு வெண்ணிறமாகக் கலங்கும். பள்ளி ஆய்வகத்தில் உப்புகளைச் சோதிக்கும்போது நீங்கள் காணும் அதே வெண்மைதான். கலங்கலின் அளவைக் கொண்டு சல்பேட்டின் அளவைக் கணிக்கலாம். 1975-இல் அறிமுகமான அயனி வண்ணப்பிரிகை முறை இதை இன்னும் நுட்பமாகச் செய்கிறது.

எளிதில் கண்டுகொள்ளும் பிழைகள்

சல்பேட்டின் செறிவு என்பது இரு எண்களின் ஈவு: தாளிலுள்ள சல்பேட்டு ÷ இழுத்த காற்றின் கன அளவு. எனவே இரண்டில் எதில் பிழை இருந்தாலும் விடையில் பிழை வரும்.

முதலில் காற்றின் கன அளவைப் பாருங்கள். தூசி படியப் படியத் தாளின் துளைகள் அடைபட்டு ஓட்டம் குறைகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1.4 கன மீட்டராக இருந்த ஓட்டம் முடிவில் 1.0 ஆகச் சீராகக் குறைந்தால், சராசரி 1.2 ஆகும். தொடக்க அளவையே நாள் முழுதுக்கும் எடுத்துக்கொண்டால் காற்றின் கன அளவு கூடுதலாகவும், சல்பேட்டின் செறிவு ஏழில் ஒரு பங்கு குறைவாகவும் கிடைக்கும். இரவில் மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றுபோனாலும் இதே கதைதான். ஆகவே சுவர்க் கடிகாரத்தை நம்பாமல், உறிஞ்சி ஓடிய நேரத்தை மட்டும் கணக்கிடும் மானி ஒன்றைக் கருவியிலேயே பொருத்துகிறார்கள்.

அடுத்தது ஈரம். அம்மோனியம் சல்பேட்டு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டும்போது நீரை ஈர்த்துக் கரைந்து துளியாகிறது. மழை நாளில் நிறுத்தால் அந்த நீரும் தூசிக் கணக்கில் சேரும். நனைந்த மூட்டையை எடைமேடையில் ஏற்றினால் மழைநீருக்கும் விலை கொடுக்க வேண்டிவருமல்லவா? ஆகவே நிறுப்பதற்கு முன்பு 24 மணி நேரம் தாளை ஒரே வெப்பநிலையிலும் ஒரே ஈரப்பதத்திலும் வைத்திருப்பார்கள்.

இப்பிழைகளெல்லாம் கவனத்தால் நீங்குபவை. கவனமாக வேலை செய்தவரையும் ஏமாற்றிய பிழை ஒன்று உண்டு. அதைத்தான் இனிக் காணப்போகிறோம்.

தாளே சல்பேட்டு செய்கிறது!

கண்ணாடி இழைத் தாள் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, வெப்பம் தாங்கும், கிழியாது, விலையும் குறைவு. அதனால் உலகெங்கும் பயன்பட்டது. ஆனால் சாதாரணக் கண்ணாடி செய்வதற்குச் சோடா, சுண்ணாம்பு முதலிய காரப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எனவே இழையின் புறப்பரப்பில் சிறிது காரத்தன்மை தங்கிவிடுகிறது.

தாளின் வழியே செல்வது துகள்கள் மட்டுமல்ல. கந்தக டை ஆக்சைடு வாயுவும் செல்கிறது. வாயு தாளில் தங்காமல் மறுபக்கம் போய்விடும் என்றே எவரும் நினைப்பார். ஆனால் கந்தக டை ஆக்சைடு அமிலத் தன்மை உடையது. காரப் பரப்பைக் கண்டதும் அதில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு சல்பைட்டாகி, பிறகு ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டாகிறது. காற்றில் துகளாக இல்லாத சல்பேட்டு, தாளின் மேல் புதிதாகப் பிறக்கிறது! எடைமேடைக்கு வரும் வழியில் லாரியே சரக்கை உற்பத்தி செய்துகொண்டால் எப்படி இருக்கும்?

பேரியம் குளோரைடுக்கு இந்தச் சல்பேட்டு எது, அந்தச் சல்பேட்டு எது என்று தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே வீழ்படிவாக்கும். 1960-களிலும் 1970-களிலும் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் எடுத்த சல்பேட்டு அளவீடுகளில் இந்தப் போலிச் சல்பேட்டும் கலந்திருந்தது.

அளவு எவ்வளவு இருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கந்தக டை ஆக்சைடின் மூலக்கூறு நிறை 64. சல்பேட்டு அயனியின் நிறை 96. ஆகவே தாளில் ஒட்டும் ஒவ்வொரு மில்லிகிராம் வாயுவும் 96 ÷ 64 = 1.5 மில்லிகிராம் சல்பேட்டாகிறது. காற்றில் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் கந்தக டை ஆக்சைடு இருப்பதாகவும், அதில் நூற்றுக்கு 5 பங்கு மட்டும் தாளில் ஒட்டுவதாகவும் கொள்வோம். கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் வாயு ஒட்டி, 1.5 மைக்ரோகிராம் போலிச் சல்பேட்டு ஆகும். உண்மையான சல்பேட்டு 15 உள்ள நகரத்தில் இது பத்து விழுக்காட்டுப் பிழை. உண்மையான சல்பேட்டு 3 மட்டுமே உள்ள சிற்றூரில் ஐம்பது விழுக்காட்டுப் பிழை!

நூறு முறை அளந்தால் சரியாகுமா?

இயற்பியல் வகுப்பில், 'அளவீட்டைப் பல முறை எடுத்துச் சராசரி காண்க' என்று சொல்லித் தருகிறோம். ஒழுங்கற்ற பிழைகளுக்கு அது நல்ல மருந்து. ஒரு முறை கூடுதலாகவும் ஒரு முறை குறைவாகவும் வருவதால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் போலிச் சல்பேட்டு எப்போதும் கூட்டவே செய்யும், ஒருபோதும் கழிக்காது. இதற்கு முறையான பிழை என்று பெயர்.

முனை தேய்ந்த மர அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 2 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது. அதன் முனையிலிருந்து ஒரு மேசையை அளந்தால் 1,000 மி.மீ. நீளம் 1,002 மி.மீ. எனக் காட்டும், கவலையில்லை. 20 மி.மீ. நீளமுள்ள அழிப்பானை அளந்தால் 22 மி.மீ. எனக் காட்டும், பத்து விழுக்காட்டுப் பிழை. நூறு மாணவர்கள் அதே அளவுகோலால் அளந்தாலும் நூறு பேரும் 22 என்றே சொல்வார்கள். அவர்களுடைய விடைகள் ஒன்றோடொன்று நன்கு ஒத்துப்போகின்றன. அளவீட்டில் நுட்பம் இருக்கிறது. ஆனால் உண்மையோடு ஒத்துப்போகவில்லை; துல்லியம் இல்லை. விடைகள் ஒத்திருப்பதே அவை சரி என்பதற்குச் சான்றாகாது.

தாளுக்கு ஒரு வரம்பு

தாளின் காரம் முழுவதும் தீர்ந்துவிட்டால் அது மேற்கொண்டு போலிச் சல்பேட்டு செய்ய இயலாது. எனவே தாளில் காரம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டினால் பிழைக்கும் வரம்பு கட்டியதாகும். 1987-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களை அளக்கும் முறையை வகுத்தபோது, ஒரு கிராம் தாளின் காரத்தன்மை 25 மைக்ரோ சமானத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என விதித்தது.

இதன் பொருளை நாமே கணக்கிடலாம். தாளின் நிறை 3 கிராம் என்று கொள்வோம். அதிலுள்ள காரம் 25 × 3 = 75 மைக்ரோ சமானம். சல்பேட்டின் சமான நிறை 96 ÷ 2 = 48. எனவே காரம் அனைத்தும் சல்பேட்டானால்:

75 × 48 = 3,600 மைக்ரோகிராம்

இதை 24 மணி நேரக் காற்றின் கன அளவால் வகுத்தால் 3,600 ÷ 1,584 = 2.3. அதாவது இவ்வகைத் தாளில் கன மீட்டருக்கு 2.3 மைக்ரோகிராமுக்கு மேல் போலிச் சல்பேட்டைத் தாளின் காரம் உண்டாக்க முடியாது.

இங்கே நம் நாட்டு முறையோடு தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. 1984-இல் தொடங்கிய தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் 24 மணி நேரத்தை மூன்று பகுதியாக்கி, 8 மணி நேரத்துக்கு ஒரு தாள் வீதம் துகள்களைப் பிடிக்கிறார்கள். 8 மணி நேரத்தில் செல்லும் காற்று 528 கன மீட்டர் மட்டுமே. அதே 3,600 மைக்ரோகிராமை 528-ஆல் வகுத்தால் 6.8 வருகிறது! தாளை அடிக்கடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் புதிய காரம் வைக்கப்படுகிறது. பிழையின் உச்ச வரம்பும் மும்மடங்காகிறது. மொத்தத் தூசி 100 மைக்ரோகிராம் உள்ள இடத்தில் தூசிக் கணக்குக்கு இது பெரிதல்ல. அதே தாளைக் கொண்டு சல்பேட்டைக் கணக்கிடுவோர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

பொய்யைப் பிடிக்கும் வழிகள்

காற்று இழுக்காத ஒரு தாளையும் உடன் கொண்டுபோய், கொண்டுவந்து, அதையும் சோதிப்பது வழக்கம். இதை வெற்றுத் தாள் என்பர். தாளில் முன்பே இருந்த சல்பேட்டும் கைபட்டுச் சேர்ந்ததும் இதில் தெரிந்துவிடும். ஆனால் நம் போலிச் சல்பேட்டு தெரியாது. ஏனெனில் இத்தாளின் வழியே வாயு செல்லவே இல்லை. வேறு வழிகள் தேவை.

முதல் வழி: இரண்டு தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது. முன்னால் காரமற்ற டெஃப்ளான் தாள். பின்னால் கண்ணாடி இழைத் தாள். துகள்கள் முன்தாளிலேயே நின்றுவிடும். பின்தாளுக்கு வாயு மட்டுமே போகும். ஆகவே பின்தாளில் காணும் சல்பேட்டு பெரும்பாலும் போலியே.

இரண்டாம் வழி: தாளுக்கு முன்பே வாயுவை நீக்கிவிடுவது. சோடியம் கார்பனேட்டு பூசிய குழாயின் வழியே காற்றைச் செலுத்துகிறார்கள். வாயு மூலக்கூறுகள் மிக விரைவாக விரவிப் பரவுவதால் குழாயின் சுவரை அடைந்து ஒட்டிக்கொள்ளும். துகள்கள் மெதுவாகவே விரவுவதால் சுவரைத் தொடாமல் நேரே போய்விடும். ஒரே குழாயில் இரண்டையும் பிரிக்க, அவற்றின் விரவல் வேகமே உதவுகிறது. என்ன அழகான இயற்பியல்!

மூன்றாம் வழி: வேறு வகைத் தாளோ வேறு முறையோ கொண்ட கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. ஒரே மாதிரியான பத்துக் கருவிகள் ஒத்துப்போவதைவிட, வேறு வேறு வகையான இரண்டு கருவிகள் ஒத்துப்போவதே வலுவான சான்று. தேய்ந்த அளவுகோலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தேயாத ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா?

இதனால் நமக்கென்ன?

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் டீசலில் கந்தகத்தின் அளவு, பத்து இலட்சத்தில் 50 பங்கு என்னும் வரம்பிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இதற்காக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பெரும் பொருட்செலவில் மாற்றங்கள் செய்யப்பட்டன. இத்தகைய முயற்சிகளால் காற்றில் சல்பேட்டு குறைந்ததா என்று மக்கள் கேட்பது நியாயமே.

ஓர் ஊரில் உண்மையான சல்பேட்டு 4-லிருந்து 2 ஆகக் குறைந்ததாகக் கொள்வோம். அது பாதியாகிவிட்டது. ஆனால் தாள் எப்போதும் 2 கூட்டுமானால் அளவீடு 6-லிருந்து 4 ஆகும். மூன்றில் ஒரு பங்கே குறைந்ததாகத் தெரியும். நல்ல முயற்சிக்குரிய பெயர் கிடைக்காமல் போகும். இதற்கு மாறாக, காற்றில் எந்த மாற்றமும் இல்லாமல் தாளை மட்டும் காரமற்ற வகைக்கு மாற்றிவிட்டால், 6 என்ற அளவீடு 4 ஆகிவிடும். யாரும் எதுவும் செய்யாமலே காற்று தூய்மையானதாக அறிக்கை வரும்! ஆகவே பழைய அளவீட்டையும் புதிய அளவீட்டையும் ஒப்பிடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தத் தாளில் பிடித்தீர்கள்?" என்பதே.

அளவு குறைந்த இடத்திலேதான் இப்பிழை பெரிதாகிறது என்பதை மேலே கண்டோம். எனவே தூய காற்றுள்ள சிற்றூர்களுக்கு ஏதோ ஒரு கருவி போதும் என்று எண்ணுவது தவறு. சென்னையைவிட அல்லிநகரத்தின் சல்பேட்டை அளக்கவே அதிக எச்சரிக்கை வேண்டும். ஓர் எண்ணைப் பார்க்கும்போது, அது எவ்வளவு என்பதோடு, எப்படி வந்தது என்பதையும், எதெல்லாம் அதில் கலந்திருக்கக்கூடும் என்பதையும் கேட்கப் பழகுங்கள். அறிவியலில் பாதி அந்தக் கேள்விதான்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர் இழுக்கும் கருவி, மின்தடையால் 24 மணியில் 3 மணி நேரம் நின்றுவிட்டது. தாளில் 6.93 மில்லிகிராம் சல்பேட்டு இருந்தது. உண்மையான செறிவு என்ன? மின்தடையைக் கவனியாதவருக்கு என்ன விடை வரும்?

2. கண்ணாடி இழைத் தாள் 8 மணி நேரத்தில் கன மீட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்றும், பக்கத்திலுள்ள காரமற்ற தாள் 5 மைக்ரோகிராம் என்றும் காட்டின. முதல் தாளில் பிறந்த போலிச் சல்பேட்டு எத்தனை மில்லிகிராம்?

3. ஈரமான நாளில் தாளை நிறுத்ததால் மொத்தத் தூசியின் அளவு கூடிவிட்டது. பேரியம் குளோரைடு முறையில் கண்ட சல்பேட்டின் அளவும் கூடுமா?

விடைகள்: 1. கன மீட்டருக்கு 5.0 மைக்ரோகிராம், கவனியாதவருக்குச் சுமார் 4.4. 2. சுமார் 1.6 மில்லிகிராம். 3. கூடாது, ஈரத்தால் நிறை கூடும், சல்பேட்டு கூடாது.